கையில்லாத நாற்காலி

ஜெயசுந்தர் கிட்டாரை எடுத்துவிட்டால் வினோலியாவுக்கு வேலை ஓடாது. அடுப்பில் குழம்பு கொதிக்கும், குழாயடியில் குடம் நிறைந்து வழியும், அவள் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருப்பாள். சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூத்த நர்சு அவள். எப்பேர்ப்பட்ட காயத்துக்கும் முகம் சுளிக்காமல் கட்டுப்போடுகிறவள். டாக்டர்களே அவளிடம் கொஞ்சம் பார்த்துத்தான் பேசுவார்கள். ஆனால் அந்த ஒரு மெட்டு தொடங்கிவிட்டால் ஆள் இந்த உலகத்தில் இல்லை.

மெட்டுக்குப் பெயர் கிடையாது, வார்த்தையும் கிடையாது. நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்குக் காத்திருந்த நாட்களில் அவளுக்காக ஜெயசுந்தர் கட்டியது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரே காட்சிதான் வரும். மழைக்கு முந்தின கரிசல்காடு. யாருமில்லாத ஒற்றையடிப்பாதை. அதில் அவள் செருப்பில்லாமல் நடந்து போகிறாள். மண் லேசாகச் சுடுகிறது, வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, பாதை மெல்ல ஒரு கண்மாய்க் கரைமேல் ஏறுகிறது. இன்னும் நாலடி வைத்தால் கரையின் மறுபக்கம் தெரிந்துவிடும். அந்த இடத்தில் மெட்டு நின்றுபோகும். ஜெயசுந்தர் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, "மீதிய அப்புறம் வாசிக்கேன் வினோ" என்று எழுந்து வெளியே போய்விடுவார்.

இப்படி இருபது வருடமாகக் கரை ஏறுகிறாள். ஒருநாளாவது மறுபக்கத்தைப் பார்த்தாளா என்றால் இல்லை. மீதி உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை சும்மா சொல்கிறீர்களா என்று ஒருதரம் கேட்டுவிட்டாள். இருக்கிறது, விரலுக்கு எல்லாம் தெரியும், உட்கார்ந்து முடிக்கத்தான் தோதுப்படவில்லை என்றார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்பதால் அவளும் காத்திருந்தாள். மகள் ஜெப்ரின் பிறந்து வளர்ந்து நாகர்கோவிலில் விடுதியில் தங்கிப் படிக்கப் போயும் விட்டாள். மெட்டு மட்டும் பாதியில் நின்றது.

ஜெயசுந்தரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இருபத்திரண்டு வருடம் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். அக்கம்பக்கத்துக் கம்பெனிகளில் சத்தம் கேட்டிருக்கிறார், புகை எழும்பியதைப் பார்த்திருக்கிறார். அவர் பொறுப்பில் இருந்த அறைகளில் அத்தனை வருடத்தில் ஒரு பொறி பறந்ததில்லை. கம்பெனி வேறொருவர் கைக்கு மாறியபோது வெளியே வந்துவிட்டார். இப்போது சபரிநாதன் என்பவருடைய காலண்டர் அச்சகத்தில் பைண்டிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறார். ஆள் வந்துவிட்டாரே தவிர பழக்கம் அங்கேயே இருக்கிறது. கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் நுழையும் முன், உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று வாசலில் பதித்த செப்புத் தகட்டை எல்லோரும் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இவர் இன்றைக்கும் சொந்த வீட்டுக்குள் நுழையும்போது ஜன்னல் கம்பியை ஒருதரம் தொட்டுக்கொள்வார். தொட்டது அவருக்கே தெரியாது.

திருத்தங்கலில் வீடு கட்டியபோது வாசற்கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். கம்பெனிக் கதவெல்லாம் அப்படித்தான் திறக்கும், உள்ளேயிருந்து தள்ளினால் போதும், ஓடுகிறவன் இழுத்துக்கொண்டு நிற்கக்கூடாது. சரி, கம்பெனிக்கு அது நியாயம். வீட்டிலிருந்து எவன் ஓடப்போகிறான்? வருகிற விருந்தாளிகள் எல்லோரும் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் பூட்டியிருக்கிறது என்று திரும்பிப் போனதுதான் மிச்சம். வாசலுக்கு நேரே ஒரு செருப்பு ஸ்டாண்டு வைக்கக்கூட விடமாட்டார். வினோலியா இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பாள், அவரும் கூடச் சிரிப்பார். ஆனால் ஸ்டாண்டை வைக்க விட்டதில்லை.

கடந்த நாலைந்து வருடமாக இதோடு முதுகுவலியும் சேர்ந்துகொண்டது. இந்த வருடம் ஈஸ்டர் அன்று ராப்போஜன ஆராதனையில், சபையார் அப்பமும் ரசமும் வாங்க வரிசையாகப் பீடத்தண்டைக்கு வரும் நேரம் முழுக்கக் கிட்டார் வாசிப்பதாக ஏற்பாடு. அவர் வாசித்தது அந்த மெட்டைத்தான். பாதி வரிசை வந்திருக்கும்போது, வழக்கமாக நிற்கும் அதே இடத்தில் மெட்டு நின்றது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே போய்விட்டார். மண்டியிட்டிருந்தவர்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். பாடகர் குழுத் தலைவர் தேவாசீர்வாதம் சார் ஓடிவந்து கீபோர்டைத் தட்டி நேரத்தை ஒப்பேற்றினார்.

தேவாசீர்வாதம் சார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் சொன்னால்தான் அதிகம் வலிக்கும். தீபாவளி முடிந்த வாரம் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, கிறிஸ்துமஸ் ஆராதனைகளுக்கு ஜெயசுந்தர் வாசிப்பாரா மாட்டாரா என்று ஆகமன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு வந்து கேட்பேன், அன்றைக்கே பதில் தெரிய வேண்டும் என்றார். முடியாது என்றால் கீபோர்டு இருக்கிறது, ஒன்றும் தப்பில்லை என்று அவரே ஆறுதலும் சொன்னார். ஜெயசுந்தர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"முடியலைன்னா கிட்டார நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க சார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காவது ஆகும். இங்கன சும்மா தொங்குறதப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

சமையலறையில் வினோலியா அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். அவர் ஒரு பேச்சுச் சொன்னால் சொன்னதுதான். கிட்டார் போய்விட்டால் மெட்டு போயிற்று. கரையின் மறுபக்கத்தை அவள் சாகும்வரை பார்க்கப்போவதில்லை.

அன்றைக்கே முடிவு செய்தாள். இது முதுகு விவகாரம், முதுகு என்றால் நாற்காலி விவகாரம். நர்சுக்கு வேறெப்படி யோசிக்கத் தெரியும்? மறுநாள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் யோகேஸ்வரியிடம் உட்கார்ந்து விவரம் கேட்டுக்கொண்டாள். கிட்டார் வாசிக்கிறவர்களுக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி ஆகாது, கிட்டார் இடித்து உடம்பு திருகிப்போகும். இருக்கை மெத்தென்று அமுங்கக்கூடாது. இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும், முழங்கால் இடுப்புக்குச் சமமாக இருக்க வேண்டும், முதுகுச் சாய்வு இடுப்புக்கு மேலே வந்து தாங்க வேண்டும். இவ்வளவுதான், கேட்பதற்குச் சுலபமாக இருந்தது.

தேட ஆரம்பித்த பிறகுதான் ஊரில் இருக்கிற நாற்காலிகளின் லட்சணம் தெரிந்தது. வீட்டில் இருந்தது கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஜெயசுந்தர் கிட்டாரோடு உட்கார்ந்தால் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக உட்கார்ந்தவர் மாதிரி ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரின் சுழலும் ஸ்டூலை இரவல் வாங்கி வந்தாள். வாசிக்க வாசிக்க மெல்லச் சுழன்று, சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர் தெருவைப் பார்த்தபடி நிறுத்தினார். மண்டபத்து இரும்பு மடக்கு நாற்காலி ஒவ்வொரு தாளத்துக்கும் தானும் ஒரு சத்தம் கொடுத்தது. பக்கத்து வீட்டு முக்காலி குட்டை. முழங்கால் தாடைக்கு வந்துவிட்டது.

சபரிநாதன் கேள்விப்பட்டு, அச்சகத்தில் கழித்துப்போட்ட ரோலிங் சேர் ஒன்றைக் கைப்பிடியைக் கழற்றிக் கொடுத்தனுப்பினார். உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், முதுகு கச்சிதம். வினோலியாவுக்கு அதில் நம்பிக்கை வந்தது. ஆனால் அதில் ஒரு வேடிக்கை. கூடத்தின் உள்சுவரை ஒட்டிப் போட்டிருக்கும் நாற்காலி, மெட்டு நடக்க நடக்க நகர்ந்து, மெட்டு நிற்கும் இடத்தில் வாசலுக்கு வந்து நிற்கும். ஒவ்வொரு தரமும் அப்படியே. தரை வாட்டமாக இருக்கிறது என்று கொத்தனாரைத் திட்டினாள். திட்டியதோடு நிற்காமல் ஜெப்ரினுடைய பழைய கோலிக்குண்டு ஒன்றைத் தேடி எடுத்துத் தரையில் விட்டுப் பார்த்தாள். அது வாசல் பக்கம் போகவில்லை, சமையலறைப் பக்கம் உருண்டு போயிற்று. அதாவது நாற்காலி மேட்டில் ஏறியிருக்கிறது. வினோலியா குண்டைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் யோசித்தாள். அன்றைக்கு அது பிடிபடவில்லை.

தீபாவளி கழிந்த நாட்களில் சிவகாசிக்கு ஒரு மயக்கம் உண்டு. கம்பெனிகள் அடைத்துக் கிடக்கும். லோடு வண்டிகள் ஓடாது, காலையில் தொழிலாளிகளை ஏற்றிப்போகும் பஸ்களும் வராது. மருந்துவாடை இல்லாத காற்றில் வேப்பம்பூ வாடை எங்கிருந்தோ வருவதுபோல இருக்கும், அந்தப் பருவத்தில் வேம்பு பூப்பதில்லை என்றாலும். நைட் டூட்டி முடித்து வந்து பகலில் தூங்கிய ஒருநாள் வினோலியாவுக்குக் கனவு வந்தது. கரிசல்காட்டு ஒற்றையடிப்பாதையில் நாற்காலிகள் வரிசையாக நடந்து வந்தன. சுழலும் ஸ்டூல் முன்னால் வந்தது. மடக்கு நாற்காலி முனகிக்கொண்டே வந்தது. பள்ளிக்கூட நாற்காலி, பார்பர் கடை நாற்காலி, கோவிலில் போதகர் ஐயர் உட்காரும் பெரிய நாற்காலி எல்லாம் வந்து அவள் வீட்டு முன்னால் நின்றன. ஜெயசுந்தர் கிட்டாரோடு வாசலில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்து, மிகவும் மரியாதையாக, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். விழித்தபோது அவள் கண் ஈரமாக இருந்தது. ஒரு நாற்காலிக்காக அழுகிறோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அந்த வாரம் அவரை இழுத்துக்கொண்டு விருதுநகருக்குப் போனாள். கடைக்குக் கிட்டாரையும் எடுத்துவரச் சொன்னாள். கடைக்காரர் முதலில் சோபா, சோபா என்றுதான் நின்றார். உட்கார்ந்தால் ஆள் காணாமல் போகிற சோபா. வினோலியா முறைத்த முறைப்பில் உள்ளே போய்க் கடைசியில் ஒரு தேக்கு நாற்காலியைத் தூக்கி வந்தார். கைப்பிடி இல்லை. திடமான இருக்கை. இடுப்பைத் தாங்குவதற்கென்றே அளவாக வளைந்த சாய்வு. இரண்டிலும் பழுப்பு ரெக்சின் மெத்தை, அதன்மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை. ஜெயசுந்தர் உட்கார்ந்து பார்த்தார். பாதம் பதிந்தது, முழங்கால் சமமாக நின்றது. கடை நடுவில் மெதுவாக நாலு சுரம் மீட்டினார். எதிரே மின்விசிறி பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தது. யோகேஸ்வரி சொன்னதெல்லாம் இந்த நாற்காலியில் இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் வினோலியா வேனில் அதன் காலைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

உறையை அவள் கிழிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் புதுச் சாமானின் உறையைக் கிழிப்பது ஏதோ பச்சைப்பிள்ளையின் சட்டையைக் கழற்றிக் குளிரில் விடுவது மாதிரி. அது தானாகக் கிழியும் வரை அப்படியே கிடக்கும். டிவி ரிமோட் உறைக்குள்ளேயே பிறந்து உறைக்குள்ளேயே செத்துப்போகும்.

ஜெயசுந்தர் புது நாற்காலியில் தினமும் சாயங்காலம் வாசித்தார். காலண்டர் சீசன், உடம்பு அலுத்து வருவார், இருந்தாலும் உட்கார்ந்தார். அவளுக்காகத்தான் உட்கார்ந்தார் என்று அவளுக்குத் தெரியும். கரிசல்காடு வரும். பாதை வரும். கரை ஏறும். நாலடி இருக்கும்போது நிற்கும். அவர் இடுப்பைப் பிடித்தபடி எழுந்து வெளியே போய்க் கேட்டருகே இருக்கும் வேப்பமரத்தடியில் நிற்பார். சனிக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்து கிட்டாரை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"நாற்காலி மேல குத்தமில்ல வினோ. நல்ல நாற்காலி. எனக்குத்தான் கொடுத்து வைக்கல. நாளைக்கு சார் வந்தா கொடுத்திருவோம்."

அவள் எழுந்துபோய் விளக்கைப் போட்டாள்.

மறுநாள் ஞாயிறு. கோவிலுக்குப் போய்வந்து சாப்பிட்டு, அவர் உள்ளறையில் படுத்திருந்தார். வெளியே வானம் கருத்துக்கொண்டு வந்தது. கூடத்தில் வெளிச்சம் மங்கி, எல்லாச் சாமானும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோலத் தெரிந்தது. செய்வதற்கு வேலையில்லாததால் வினோலியா ஈரத்துணியை எடுத்து நாற்காலியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே வந்தவள் கை நின்றது.

இருக்கையின் முன் ஓரத்தில், நாலு விரல் அகலத்துக்கு, பிளாஸ்டிக் உறை கசங்கி நொய்ந்து ஓரிடத்தில் கிழிந்தும் இருந்தது. அதற்குப் பின்னால் உறை கடையில் பார்த்த மாதிரியே மின்னியது. முதுகுச் சாய்வைத் தடவிப் பார்த்தாள். ஒரு சுருக்கம் இல்லை. இத்தனை நாள் உட்கார்ந்தவர் ஒருதரம்கூடச் சாயவில்லை.

அவள் நாற்காலியின் முன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் வாசிக்கும்போது கண்ணை மூடிக் கரிசல்காட்டில் நடந்துகொண்டிருந்தாளே ஒழிய, அவரை என்றைக்குப் பார்த்தாள்? இப்போது யோசித்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்தது. விளிம்பில் உட்கார்வார். இடது பாதம் பதிந்திருக்கும், வலது குதிகால் மட்டும் தூக்கியே இருக்கும், அந்தக் கால்விரல்கள் வாசலைப் பார்த்திருக்கும். ரோலிங் சேர் ஏன் மேட்டில் ஏறி வாசலுக்குப் போனது என்பதும் தெரிந்தது. அவரே காலால் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்.

ஜெப்ரின் கைப்பிள்ளையாக இருந்தபோது ஒரு ஆயுத பூஜை நாள் நினைவுக்கு வந்தது. முதலாளி குடும்பத்தோடு வரச்சொல்லியிருந்தார். வேலை ஓடாத நாள், அறைகளைக் கழுவிவிட்டிருந்தார்கள். பொரிகடலை வாங்கிக்கொண்டு, ஆட்கள் எங்கே உட்கார்ந்து பட்டாசுக்குள் மருந்து செலுத்துவார்கள் என்று காட்ட ஜெயசுந்தர் அவளை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். நாலு பக்கமும் வாசல். ரப்பர் விரிப்பில் தானே உட்கார்ந்து காட்டினார், ஒரு முழங்காலை உயர்த்தி, பாதத்தை ஊன்றி, முகத்தை வாசலுக்கு வைத்து. இப்படி உட்கார்ந்தால்தான் ஒரு மூச்சில் வெளியே போய்விட முடியும் என்றார். அவளும் ஆசைக்கு விரிப்பில் உட்கார்ந்தாள். நடந்து வந்த அலுப்பில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"சாயாத," என்று கத்தினார்.

கல்யாணம் ஆன இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் குரல் உயர்த்தியது அந்த ஒருதரம்தான். பிள்ளை விழித்து அழுதது. அவரே பயந்துபோய், கை பழகிப்போச்சு தாயி, வாய் பழகிப்போச்சு என்று வெகுநேரம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். தினமும் காலையிலிருந்து சாயங்காலம்வரை அறை அறையாகப் போய் அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சாயாதீங்க. வாசலப் பாத்து உக்காருங்க. அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, அத்தனை பேருக்காகவும் நின்று பார்த்தவர் அவர். அவருக்காக ஒருத்தர் நின்று பார்த்ததில்லை.

ஒருநாளும் வெடிக்காத ஒன்றுக்காக இருபத்திரண்டு வருடம் காத்திருந்த உடம்பு அது. வெடித்திருந்தால்கூட ஓடி முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் போல. வெடிக்காததால் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது. வினோலியாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கோபம் யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கொஞ்சம் தன்மேல்தான். ஊரெல்லாம் நாற்காலி தேடியவள், அதில் உட்கார வேண்டியவரைப் பார்க்கவில்லையே.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியைக் கூடத்தின் உள்சுவரை ஒட்டிப் போட்டாள். வாசற்கதவை முழுசாக வெளியே தள்ளித் திறந்து, ஆடாதபடி ஒரு கல்லை வைத்தாள். கிட்டாரை உறையிலிருந்து எடுத்தாள். பிறகு போய் அவரை எழுப்பினாள்.

அவர் வந்து பார்த்துவிட்டு, இனி எதற்கு என்றார். சார் வருகிற நேரம், எடுத்ததை மறுபடி உள்ளே வைக்க வேண்டும் என்றார். ஜன்னல் கம்பியை ஒருதரம் தொட்டுக்கொண்டார். ஒரே ஒரு தரம், எனக்காக என்று அவள் கேட்டாள். அவர் பெருமூச்சு விட்டு, வழக்கம்போல நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் எடுத்தார்.

வினோலியா வழக்கமாக நிற்கும் சமையலறைப் பக்கம் போகவில்லை. நேராக நடந்துபோய் வாசற்படியில் உட்கார்ந்தாள், அவருக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து.

"அங்கன போயி ஏன் உக்காந்திருக்க?" என்றார் அவர்.

"வாசல நான் பாத்துக்கிடுறேன். நீங்க பாக்க வேண்டாம்."

தூரத்தில் எங்கோ இடி உருண்டது. அவர் நாற்காலியின் விளிம்பில் விறைப்பது அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது.

"என்ன வரும்னு பாப்ப?" குரல் சின்னதாகியிருந்தது.

"எது வந்தாலும் ஒங்களுக்கு முந்தி எனக்குத் தெரியும்ல. சொல்லுறேன். நான் சொல்லுற வரைக்கும் நீங்க வாசிச்சுக்கிட்டே இருங்க."

வெகுநேரம் கழித்து முதல் சுரம் வந்தது. வினோலியா கண்ணை மூடவில்லை. இருபது வருடத்தில் முதல்முறையாகக் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு அந்த மெட்டைக் கேட்டாள். கரிசல்காடு வந்தது. ஆனால் அது தெருவிலேயே வந்தது. எதிர்வீட்டுச் சுவர், மின்கம்பம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதது இருந்த இடத்தில் இருக்க, அவற்றுக்கு நடுவே ஒற்றையடிப்பாதை போயிற்று. காற்று ஈரமாக அடித்தது. மண்வாடை எழுந்தது.

தெருமுனையில் தேவாசீர்வாதம் சார் தன் பழைய ஸ்கூட்டரில் திரும்பினார். கேட்டருகே வண்டியை நிறுத்திவிட்டு, சிரித்தபடி வாயைத் திறக்கப் போனார். வினோலியா உள்ளங்கையை உயர்த்திக் காட்டினாள். ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சை அறை வாசலில் சொந்தக்காரர்களை நிறுத்துகிற கை அது. சார் அப்படியே நின்றுவிட்டார். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பேரை நிறுத்திவைத்தவர் வேப்பமரத்தடியில் கை கட்டி நின்றார்.

பாதை கரையில் ஏறியது. ஓரடி, இன்னும் ஓரடி. நாலடி இருக்கும் இடத்தில், எப்போதும்போல, மெட்டு நின்றது.

திரும்பிப் பார்க்க வேண்டும்போல அவளுக்குக் கழுத்து தினவெடுத்தது. திரும்பவில்லை. திரும்பினால் வாசலைப் பார்க்க ஆளில்லாமல் போய்விடும், அவர் எழுந்துவிடுவார். படியின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வினோ," என்றார் உள்ளேயிருந்து. "ஏதும் வருதா?"

அவள் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் பார்த்தாள். கேட்டதற்காகவாவது நன்றாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"ஒன்னும் வரலைங்க," என்றாள். "நீங்க சாஞ்சுக்கோங்க."

பிறகு அவளுக்குப் பின்னால், மெல்ல, சரசரவென்று பிளாஸ்டிக் உறை கசங்கும் சத்தம் கேட்டது. தேக்குச் சட்டம் ஒரு ஆளின் பாரத்தை முழுசாக வாங்கி ஒருதரம் முனகி அடங்கியது. மெட்டு விட்ட இடத்திலிருந்து எழுந்து கரையைத் தாண்டியது.

மறுபக்கம் அப்படி ஒன்றும் அதிசயம் இல்லை. கண்மாய் நிறையத் தண்ணீர் கிடந்தது, அலையில்லாமல், வானத்தை வாங்கிக்கொண்டு. மெட்டு அந்தக் கரையிலேயே உட்கார்ந்து, ஆரம்பித்த சுரத்துக்கு அவசரமில்லாமல் திரும்பி வந்து முடிந்தது. மழை தூற ஆரம்பித்தது. தேவாசீர்வாதம் சார் நனைந்துகொண்டு நின்றார், உள்ளே வரட்டுமா என்று கேட்கவில்லை. வினோலியாவின் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க அவளுக்குக் கை எழவில்லை.

உள்ளே ஜெயசுந்தர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். அவள் தெருவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.